கூடப் போனால் போதும், பதில் அவன் சொல்வான்

தாராவியில் எங்கள் சந்து ரொம்பக் குறுகும் இடத்தில் அகலம் 58 சென்டிமீட்டர். அம்மாவின் தையல் டேப்பால் நான் அளக்க, தம்பி வாசல்படியில் உட்கார்ந்து ஃபோனில் குறித்துக்கொண்டான். அவனுடைய வீல்சேரின் வெளி அகலம் 64. அந்த 6 சென்டிமீட்டரால் நாலு மாதம் வீல்சேர் கட்டிலுக்கடியில் மடக்கியபடி கிடந்தது. வெளியே போக வேண்டுமென்றால் மாமா வந்து முதுகில் தூக்கிக்கொண்டு 90 அடி ரோடு வரைக்கும் போவார். மாமாவுக்கும் ஐம்பத்தைந்து வயசாகிவிட்டது.

தம்பிக்கு இப்போது 24. மூளை முடக்குவாதம். கால்கள் விறைப்பு, எதையாவது பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பான். பேச்சு வரும், ஆனால் மெதுவாக, ஒவ்வொரு சொல்லும் தொண்டையில் ஒரு தடவை நின்றுவிட்டுத்தான் வரும். புத்தியில் ஒரு குறையும் இல்லை. ஒரு தோல் கடைக்கு வீட்டிலிருந்தே ஜிஎஸ்டி பில் போடுகிறான், தமிழ், இந்தி, மராத்தி மூன்றும் பேசுவான். எங்கள் தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர், அதனால் நாங்கள் இங்கே மூன்றாம் தலைமுறை.

கடந்த ஆறேழு வருடத்தில் தம்பியோடும், அப்புறம் எங்களைப் போன்ற மற்ற குடும்பங்களோடும் ஆஸ்பத்திரி, வங்கி, சர்க்கார் அலுவலகம் என்று அலைந்து தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். யாருக்காவது பத்து நடை மிச்சமானால் சந்தோஷம்.

முதலில் அந்தச் சந்து. குறுகலுக்குக் காரணம் எதிர்வீட்டுப் பெரியம்மாவின் நீல டிரம். 200 லிட்டர் தண்ணீர் பிடிக்கிற பெரிய பிளாஸ்டிக் டிரம். எங்கள் பக்கம் குழாயில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும், அதைப் பிடித்து வைத்தால்தான் அவர்களுக்கு அன்றைய பொழுது ஓடும். நான் போய்ச் சட்டம் பேசினேன். மாற்றுத்திறனாளி உரிமை, வழியை மறிக்கக் கூடாது என்றெல்லாம். பெரியம்மா, "என் டிரம்ம உன் தலையிலயா வைக்கட்டும்?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார். இரண்டு வாரம் பேச்சே இல்லை.

தம்பிதான் வழி கண்டுபிடித்தான். நாள் முழுக்க வாசலில் உட்கார்ந்து சந்தைப் பார்த்துக்கொண்டிருப்பவன் அவன், எந்த இடத்தில் எவ்வளவு இடம் சும்மா கிடக்கிறது என்று எங்களைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் சுவரோரம் அம்மா துணி துவைக்கிற கல் இருக்கும் இடத்தில் சந்து நல்ல அகலம். அந்தக் கல்லை எடுத்துவிட்டு டிரம்மை அங்கே வைக்கலாம், பெரியம்மா வீட்டுக் குழாயிலிருந்து நாலு மீட்டர் ஹோஸ் போட்டால் போதும், டியூப் காசு நாம் கொடுத்துவிடலாம் என்றான். இதை அவனே பெரியம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றும் சொன்னான். நான் கூட நின்றேன், வாயைத் திறக்கவில்லை. முழுசாகச் சொல்லி முடிக்க அவனுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனது. பெரியம்மா குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "ஏல, இத முன்னாடியே சொல்லப்பிடாதா?" என்றார். மறுநாள் டிரம் நகர்ந்துவிட்டது. அம்மா இன்றைக்கும் பக்கெட்டில்தான் துவைக்கிறார்.

உரிமை கேட்கப் போகும்போது எதிரில் இருப்பவருக்கும் ஒரு பிரச்சினை இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் சட்டம் பேசுவதற்கு முன்னால் டேப்பை எடுத்து அளந்து பாருங்கள், நம் பக்கம் எதை விட்டுக்கொடுக்க முடியும் என்றும் யோசியுங்கள். சர்க்கார் அலுவலகம் வேறு. அங்கே விட்டுக்கொடுக்க நம்மிடம் ஒன்றுமில்லை, அங்கே சட்டத்தைத்தான் பேச வேண்டும்.

அடுத்தது ஊனச் சான்றிதழ். இது இல்லாமல் எதுவும் நடக்காது. முன்பு 1995 சட்டத்தில் 7 வகை ஊனங்கள்தான் இருந்தன, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அது 21 ஆகியிருக்கிறது, அதனால் "நமக்கெல்லாம் கிடைக்காது" என்று பழைய ஞாபகத்தில் இருப்பவர்கள் மறுபடியும் பார்க்க வேண்டும். மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் யூடிஐடி கார்டுக்கு, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு, விண்ணப்பித்து, குறித்துக் கொடுக்கும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஊனம் 40 சதவீதத்துக்குக் கீழே என்றால் வெள்ளைக் கார்டு, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 தான் கோடு. ஒரு இடத்தில் வாங்கிய சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும் என்று சட்டத்திலேயே இருக்கிறது, ஆகவே ஊரில் வாங்கியது மும்பையில் செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சதவீதம் குறைவாகப் போட்டுவிட்டார்கள் என்று தோன்றினால் அதே சட்டத்தின் 59ஆவது பிரிவில் மேல்முறையீடு செய்யலாம்.

நம் ஆட்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பெயர்! மகாராஷ்டிரத்தில் எந்த ஃபார்மை எடுத்தாலும் பெயர், அப்பா பெயர், ஆட்நாவ் (குடும்பப் பெயர்) என்று மூன்று கட்டம் இருக்கும். நமக்கு ஏது ஆட்நாவ்? இனிஷியல்தான். பள்ளிக்கூடத்தில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் பின்னால், ரேஷன் கார்டில் தாத்தா பெயரும் சேர்ந்து, வங்கியில் இன்னொரு விதம். தம்பிக்கு ஒரே பெயர் நாலு ஆவணத்தில் நாலு மாதிரி இருந்தது, கணினி அதை நாலு ஆளாகத்தான் பார்க்கும். எட்டு மாதம் இதிலேயே போனது. ஆகவே எதற்கும் விண்ணப்பிக்கும் முன்னால் ஆதாரில் பெயரை ஒரு மாதிரியாக முடிவு செய்து, மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்றிவிடுங்கள். குழந்தை சின்னதாக இருக்கும்போதே செய்துவிட்டால் இன்னும் நல்லது.

மாநில அரசு தரும் சஞ்சய் காந்தி நிராதார் உதவித்தொகைக்கு மகாராஷ்டிரத்தில் 15 வருடம் குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். மூன்று தலைமுறையாக இருக்கிறோம் என்று வாயால் சொன்னால் எடுபடாது. பழைய கரண்ட் பில், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய ரேஷன் கார்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். மழை நேரத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்பதால் நாங்கள் எல்லாவற்றையும் இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுப் பரணில் வைத்திருக்கிறோம், ஃபோனிலும் படம் எடுத்து வைத்திருக்கிறோம்.

பரிசோதனைக்குப் போன நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். காலை ஏழு மணிக்குப் போய் மதியம் ஒன்றரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் என்னைப் பார்த்து, "இவனுக்கு என்ன வயசு, எதுவரைக்கும் படிச்சிருக்கான், தானாச் சாப்பிடுவானா?" என்று வரிசையாக இந்தியில் கேட்டார். நானும் வரிசையாகப் பதில் சொன்னேன். வெளியே கூட்டம் நிற்கிறது, சீக்கிரம் முடிந்தால் போதும் என்ற அவசரம். தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்ததை நான் கவனிக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்த பிறகு கேட்டான்: "அக்கா, என் வயசு எனக்குத் தெரியாதா?"

அந்த ஒரு கேள்விதான். இத்தனை வருடம் அவனுக்காகத்தானே பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, அவனுக்குப் பதிலாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றிலிருந்து எங்களுக்குள் சில ஏற்பாடுகள். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் நான் வீல்சேருக்குப் பின்னால்தான் நிற்பேன், பக்கத்தில் நிற்க மாட்டேன். பக்கத்தில் நின்றால் எதிரில் இருப்பவர் கண் தானாக என் பக்கம் வந்துவிடும். ஃபைல் அவன் மடியில் இருக்கும், என் கையில் இருக்காது. காகிதம் வேண்டுமென்றால் அவனிடம்தான் கேட்டாக வேண்டும். என்னிடம் கேள்வி கேட்டால் நான் தம்பியைப் பார்ப்பேன், மனசுக்குள் இருபது வரை எண்ணுவேன். இருபது என்பது ரொம்ப நீளம், எண்ணிப் பாருங்கள். அதற்குள் பெரும்பாலும் அவன் ஆரம்பித்துவிடுவான்.

வங்கியில் இது நன்றாகக் கை கொடுத்தது. தோல் கடைக்காரர் சம்பளத்தைக் கணக்கில் போடுகிறேன் என்றதும் தம்பி பெயரில் தனிக் கணக்கு தொடங்கப் போனோம். அங்கிருந்த அதிகாரி சான்றிதழில் மூளை முடக்குவாதம் என்று பார்த்ததும், கார்டியன் சர்ட்டிபிகேட் கொண்டுவா என்று என்னிடம் சொன்னார். அவர் எதனால் சொன்னார் என்பது பின்னால்தான் புரிந்தது. 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவை உள்ளவர்களுக்கு 18 வயதுக்கு மேல் கார்டியன் நியமிக்க வழி இருக்கிறது. வழி இருக்கிறது என்பதை எல்லாருக்கும் கட்டாயம் என்று பல இடங்களில் எடுத்துக்கொள்கிறார்கள். முடிவெடுக்கத் தெரிந்த ஒருவனுக்கு அது எதற்கு? 2016 சட்டத்தின் 13ஆவது பிரிவு, சொத்து வைத்துக்கொள்ளவும் தன் பண விவகாரத்தைத் தானே பார்த்துக்கொள்ளவும் மாற்றுத்திறனாளிக்கு மற்றவர்களுக்குச் சமமான உரிமை உண்டு என்கிறது.

நான் இருபது எண்ணினேன். தம்பி இந்தியில், "சார், மாசாமாசம் உங்க வங்கியில சம்பளம் போடுற கடைக்கு கணக்கு எழுதுறவன் நான். எனக்கு எதுக்கு கார்டியன்?" என்று கேட்டான். இவ்வளவையும் சொல்ல ஒரு நிமிடத்துக்கு மேல். பின்னால் வரிசையில் நின்றவர்கள்கூட அமைதியாகிவிட்டார்கள். கணக்கு அன்றைக்கே கிடைத்துவிடவில்லை, மூன்றாவது தடவை போனபோதுதான் ஆனது. கையெழுத்து ஒரே மாதிரி வராது என்று அடுத்த ஆட்சேபம் வந்தது. அதற்கும் ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல் இருக்கிறது: கையெழுத்துப் போட முடியாதவர் பெருவிரல் ரேகையோ கால்விரல் ரேகையோ வைக்கலாம், இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து, வரியை மஞ்சள் கலரில் கோடிட்டுத் தம்பி மடியில் வைத்துக்கொண்டு போனோம். சண்டை போடவில்லை, காகிதத்தை நீட்டினான், அவ்வளவுதான். மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு அதே தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடும் உண்டு, வருடத்துக்கு 1 லட்சம் வரை. தெரபி செலவும் அதில் அடங்கும். பலருக்கும் இது தெரியவே இல்லை.

இதற்குள் நாங்கள் ஏழு குடும்பமாகிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு, இட்லி வியாபாரம் செய்யும் ஓர் அக்கா வீட்டில் கூடுவோம். அவர் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வேலை பார்ப்பவர், பதினொன்றுக்குத்தான் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்காருவார். அவர் மகனுக்கு ஆட்டிசம். சங்கம், பதிவு, பேனர் என்று எதுவும் இல்லை. ஒரு நோட்டு, ஒரு வாட்ஸ்அப் குழு. யார் எந்தக் கிழமை எங்கே போக வேண்டும், கூட யார் போவது என்று எழுதிக்கொள்வோம். தனியாக யாரும் போகக் கூடாது என்பதுதான் முதல் விதி, ஏனென்றால் ஆறு மணி நேரம் காத்திருக்கும்போது குழந்தையைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போனால் முறை போய்விடும், பேச்சும் சரியாக வராது. இரண்டு பேர் போனால் ஒருவர் குழந்தையைப் பார்க்கலாம், ஒருவர் நடப்பதைக் குறித்துக்கொள்ளலாம்: யார் என்ன சொன்னார், எந்த மேசை, எந்தத் தேதியில் திரும்பி வரச் சொன்னார். எந்த மனு கொடுத்தாலும் நகலில் முத்திரை வாங்காமல் திரும்புவதில்லை. போச்பாவ்தி, அதாவது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி, இல்லாவிட்டால் நீங்கள் அங்கே போகவே இல்லை என்றுதான் அர்த்தம். பதிலே வராவிட்டால் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு: "இந்தத் தேதியிட்ட என் விண்ணப்பத்தின் மேல் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது?" 30 நாளில் பதில் தர வேண்டும். கோபமாக நாலு பக்கம் எழுதுவதைவிட இந்த ஒரு வரி வேலை செய்கிறது. எங்கள் குழுவில் இரண்டு உதவித்தொகை இப்படித்தான் வந்தன.

இட்லி அக்காவின் மகன் விஷயத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த ஆறு வயசுப் பையனை உட்காரவைத்து முழுக்க இந்தியில் சோதனை செய்து, அறிவுத்திறன் ரொம்பக் குறைவு என்று எழுதிவிட்டார்கள். அதற்கப்புறம் ஒருவர், வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள், இரண்டு மொழி அவனைக் குழப்புகிறது என்றும் சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு இந்தி சந்தை இந்திதான், மகனைக் கொஞ்சுகிற அளவுக்கு வராது. மூன்று மாதம் அந்த அம்மா மகனோடு சரியாகப் பேசவே இல்லை. நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு கெடுகிறது என்று ஆராய்ச்சிகள் எதுவும் காட்டவில்லை. தாயிடம் பேச்சே இல்லாமல் போவதுதான் கெடுதல். மறுபரிசோதனைக்கு எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி, தமிழ் தெரிந்த நர்சிங் மாணவி, கூடப் போனாள். "சிவப்பு வண்டியை எடு" என்று தமிழில் கேட்டதும் பையன் எடுத்துக் கொடுத்தான். அறிக்கையில் எந்த மொழியில் சோதனை செய்தார்கள் என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். மும்பையில் இருக்கும் நமக்கு இது ரொம்ப முக்கியம்.

காது கேட்காத குழந்தைகளுக்கு பாந்த்ராவில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் இருக்கிறது, கை கால் சம்பந்தப்பட்டவர்களுக்கு ஹாஜி அலியில் மத்திய அரசின் மறுவாழ்வு நிறுவனம் இருக்கிறது. தம்பிக்குக் காலைத் தாங்கும் காலிப்பர் அங்கேதான் அளவெடுத்துச் செய்தோம். காது கேட்க உள்ளே கருவி பொருத்தும் காக்லியர் இம்ப்ளான்ட் உதவிக்கு வயது வரம்பு உண்டு, "பேச்சு லேட்டா வரும், இவங்க அப்பாவும் அப்படித்தான்" என்று பாட்டிகள் சொல்வதைக் கேட்டு உட்கார்ந்துவிடாதீர்கள்.

ரயிலைப் பற்றி ஒன்று. லோக்கலில் மாற்றுத்திறனாளிப் பெட்டி நிற்கிற இடத்தில் பிளாட்பாரத்தில் பீப் பீப் என்று ஒரு சத்தம் வரும், பார்வை இல்லாதவர்களுக்கு அதுதான் அடையாளம். பெட்டி வரைக்கும் போய்விடலாம், பாலத்துப் படிதான் பாடு. லிஃப்ட் வேலை செய்யாத ஒருநாள் நல்ல மனசோடு நாலு பேர் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். ஒருவர் கைப்பிடிக் கட்டையைப் பிடித்துத் தூக்க, அது கழன்று கையோடு வந்துவிட்டது, தம்பி பாதிப் படியில் சரிந்தான். மாமா தாங்கிப் பிடித்ததால் முழங்கையில் சிராய்ப்போடு போனது. அதிலிருந்து யார் உதவிக்கு வந்தாலும் தம்பி முதலில் கையைக் காட்டி நிறுத்துவான். எங்கே பிடிக்க வேண்டும் என்று அவன் சொல்லிய பிறகுதான் கை வைக்க வேண்டும். கழலக்கூடிய கைக்கட்டையையும் கால் மிதியையும் தொடவே கூடாது, முன்னால் இருப்பவர் இரும்புச் சட்டத்தைப் பிடிக்க வேண்டும், பின்னால் இருப்பவர் தள்ளுகிற கைப்பிடியை. ஏறும்போது வீல்சேரின் முதுகு படியைப் பார்த்து இருக்க வேண்டும், பெரிய சக்கரத்தை ஒவ்வொரு படியாக இழுக்க வேண்டும். இரண்டு பேர் போதும். நாலு பேர் ஆபத்து.

2024 மே 20 மும்பையில் மக்களவைத் தேர்தல். 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ளவர்கள் 12டி படிவம் கொடுத்தால் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். வெயிலை நினைத்து நான் அதையே சொன்னேன். தம்பி ஒப்புக்கொள்ளவில்லை. "எல்லாரும் போற எடத்துக்கு நானும் போவேன்" என்றான். வாக்குச்சாவடியில் அலுவலர், கூட நீங்கள் வந்து பட்டனை அழுத்துகிறீர்களா என்று கேட்டார். விதியில் அதற்கு இடம் இருக்கிறது. தம்பி வேண்டாம் என்று தலையை ஆட்டினான், நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அட்டை மறைப்புக்கு மேலே அவன் தலைமுடி மட்டும் தெரிந்தது. முழங்கையை மேசையில் ஊன்றி, விரல் நடுங்குவதால் விரலை மடக்கி மொட்டியால் அழுத்தியிருக்கிறான். பீப் சத்தம் வர ரொம்ப நேரம் ஆனது. யாருக்குப் போட்டான் என்று இன்றுவரை சொல்லவில்லை.

இப்போது கையில் இருப்பது கூட்டுக் கழிப்பறை. வாசலில் மூன்று படி, ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டர். சாய்தளம் போடுங்கள் என்று கேட்கத்தான் முதலில் நினைத்தோம், ஆனால் தம்பி கணக்குப் போட்டுப் பார்த்தான். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது விதி, அப்படியானால் 45 சென்டிமீட்டருக்கு 5.4 மீட்டர். அங்கே இரண்டு மீட்டர்கூட இல்லை. செங்குத்தாக ஒன்றைக் கட்டிவைத்துவிட்டு வேலை முடிந்தது என்பார்கள், வீல்சேர் அதில் ஏறாது. அதனால் பக்கவாட்டில் தரைமட்டத்தில் ஒரே ஓர் அறை, வெளியே திறக்கும் 90 சென்டிமீட்டர் கதவு, வெஸ்டர்ன் கோப்பை, இரண்டு பக்கமும் பிடிகம்பி என்று படம் வரைந்து மராத்தியில் மனு எழுதினான். கீழே 43 கையெழுத்து. முதல் கையெழுத்து எதிர்வீட்டுப் பெரியம்மாவுடையது. அவருக்கும் இப்போது முழங்கால் வலி, படி ஏற முடியவில்லை.

வார்டு அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி ஃபைலில் வைத்திருக்கிறோம். பதில் வர நாங்களாக வைத்த கெடு 30 நாள், இன்னும் 11 நாள் பாக்கி. தகவல் உரிமை மனுவைத் தம்பி இப்போதே அடித்து வைத்துவிட்டான், தேதி மட்டும் போடவில்லை.